சத்தம் கேக்குது, வார்த்தை கேக்கல

அப்பா ஒட்டன்சத்திரத்திலிருந்து வந்த அன்று சாயங்காலம் அவருக்காக ஒரு பழைய பாட்டு போட்டேன். இளவட்டமாக இருந்தபோது இலங்கை வானொலியில் கேட்டுக் கேட்டு அவருக்கு மனப்பாடமான பாட்டு. சென்னையில் எங்கள் ஹால் பத்தடிக்குப் பன்னிரண்டடி. டிவிக்கு இரண்டு பக்கமும் என் இடுப்பைத் தாண்டிய உயரத்தில் இரண்டு ஸ்பீக்கர்கள், நடுவில் தனியாளாகத் தூக்கினால் முதுகு பிடித்துக்கொள்ளும் ஆம்ப்ளிஃபயர். எல்லாம் சேர்த்து இரண்டே கால் லட்சம் ரூபாய். அப்போது இன்னும் ஏழு மாதத் தவணை பாக்கி இருந்தது.

அப்பா சோபாவின் நுனியில் உட்கார்ந்து, தலையை ஒரு பக்கமாகச் சாய்த்துக் கேட்டார்.

“எப்பிடிப்பா இருக்கு?”

“நல்லா இருக்குப்பா. சத்தம் கேக்குது. வார்த்தைதான் கேக்கல.”

வால்யூமைக் கூட்டினேன். ஷோகேஸ் கண்ணாடி அதிர்ந்தது. “இப்ப?”

“இப்ப இன்னும் சத்தமா கேக்குது.”

அடுப்படியிலிருந்து என் மனைவி சிரித்துவிட்டாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. மறுநாள் காலையில் எழுந்து வந்தால், அப்பா டைனிங் டேபிளில் அவளுடைய செல்போனைக் காதோரம் பிடித்துக்கொண்டு அதே பாட்டைக் கேட்டுக்கொண்டிருக்கிறார். கூடவே முணுமுணுக்கிறார். ஒரு வரி விடவில்லை. நகத்தளவு ஸ்பீக்கர் கொடுத்ததை என் இரண்டே கால் லட்சம் கொடுக்கவில்லை.

அந்தக் காலை எனக்குள் கிளப்பிய எரிச்சலில்தான் இந்த விஷயத்தைப் படிக்க ஆரம்பித்தேன். பெரிய ஸ்பீக்கர்தான் நல்ல ஸ்பீக்கர் என்று எனக்கு யார் சொன்னார்கள்?

முதலில் சொன்னது ஒரு ஸ்டிக்கர். தொண்ணூறுகளில் வளர்ந்தவர்களுக்கு நினைவிருக்கும். டூ-இன்-ஒன் செட்டின் முகப்பில் மினுமினுக்கும் எழுத்தில் ‘1000 வாட்ஸ் பி.எம்.பி.ஓ.’ என்று ஒட்டியிருப்பார்கள். அதன் விரிவு ‘பீக் மியூசிக் பவர் அவுட்புட்’. கண்ணிமைக்கும் நேரத்துக்கும் குறைவாக ஒரு கருவி எட்டக்கூடிய உச்சம் என்று அதற்கு அர்த்தம் சொல்லிக்கொள்ளலாம். அதை எப்படி அளப்பது என்பதற்குப் பொது விதி கிடையாது. ஆறு பெரிய பேட்டரியில் பாடும் பெட்டி ஆயிரம் வாட் தராது என்பது பள்ளிக்கூட இயற்பியலுக்கே தெரியும். ஆனாலும் பக்கத்து வீட்டு செட்டில் 1000 என்றும் எங்கள் வீட்டு செட்டில் 400 என்றும் போட்டிருந்தது எனக்குப் பெரிய அவமானமாக இருந்தது. வேலைக்குப் போய்ச் சம்பாதிக்க ஆரம்பித்ததும் அந்த 600 வாட்டைத்தான் துரத்தினேன் என்று நினைக்கிறேன். முதலில் ஒரு செட், அதை விற்று இன்னொன்று, பிறகு கேபிளை மாற்றினால் வித்தியாசம் தெரியும் என்று யாரோ சொன்னதைக் கேட்டு கேபிள். ராத்திரி உட்கார்ந்து பாட்டு கேட்கிறேன் என்று பேர். உண்மையில் பேஸ் சரியாக இருக்கிறதா, வயலின் எந்தப் பக்கம் வருகிறது என்று பரிசோதித்துக்கொண்டிருப்பேன். ஒரு பாட்டை முழுசாகக் கேட்டு எத்தனை நாளாச்சு என்று மனைவி ஒருமுறை கேட்டாள். பதில் சொல்லவில்லை.

இந்தத் துரத்தல் என்னோடு தொடங்கியதில்லை. இரண்டாம் உலகப் போர் முடிந்து எல்.பி. இசைத்தட்டுகள் வந்த பிறகு, அமெரிக்காவில் ‘ஹை-ஃபை’ என்ற சொல் மோகமாகப் பரவியது. அந்தக் காலத்தில் நல்ல பேஸ் வேண்டுமென்றால் பெரிய பெட்டி வேண்டும். குளிர்சாதனப் பெட்டி அளவுக்கு ஸ்பீக்கர் வைத்திருந்தவர்கள் உண்டு. பணமும் பெரிய வீடும் இருப்பவர்களின் பொழுதுபோக்கு அது.

இந்த வழக்கத்தை உடைத்தவர் எட்கர் வில்ச்சர். அவர் பொறியியல் படித்தவரே இல்லை. நியூயார்க்கில் கலை வரலாறு படித்தார். போர்க்காலத்தில் ராணுவம்தான் அவருக்கு எலெக்ட்ரானிக்ஸ் சொல்லிக்கொடுத்தது. திரும்பி வந்து கிரீனிச் வில்லேஜில் ரேடியோ ரிப்பேர் கடை வைத்தார், பிறகு நியூயார்க் பல்கலைக்கழகத்தில் ஒலிப்பதிவும் ஒலி மறுஉருவாக்கமும் பற்றி வகுப்பு எடுத்தார்.

அவர் கேட்ட கேள்வி எளிமையானது. ஸ்பீக்கரின் கூம்பு முன்னும் பின்னும் அசைகிறது. அசைந்த கூம்பைப் பழைய இடத்துக்கு இழுத்து வருவது அதன் விளிம்பில் இருக்கும் விறைப்பான பிடிமானம். கூம்பு கொஞ்சமாக அசையும்வரை அந்தப் பிடிமானம் ஒழுங்காக வேலை செய்யும். பேஸ் வரும்போது கூம்பு நிறைய அசைய வேண்டும், அப்போதுதான் பிடிமானம் முரண்டு பிடித்து ஒலியைக் கெடுக்கும். அப்படியானால் விறைப்பான பிடிமானத்தையே எடுத்துவிட்டால்?

எடுத்துவிட்டுப் பெட்டியைக் காற்றுப் புகாமல் மூடினார். சைக்கிள் பம்ப்பின் வாயை விரலால் அடைத்துக்கொண்டு கைப்பிடியை அழுத்திப் பாருங்கள், உள்ளே மாட்டிக்கொண்ட காற்று கையைத் திருப்பித் தள்ளும். அதுதான் அவருடைய ஸ்பிரிங். இரும்பையும் துணியையும்விடக் காற்று நேர்மையான ஸ்பிரிங், எவ்வளவு அழுத்துகிறோமோ அவ்வளவுக்குத் திருப்பித் தள்ளும். இன்னொரு வேடிக்கை, இந்த ஏற்பாட்டுக்குப் பெட்டி சிறியதாக இருந்தால்தான் நல்லது. பெட்டி பெரிதானால் காற்றின் ஸ்பிரிங் தளர்ந்துவிடும். முதல் மாதிரிக்கு மெத்தைத் துணியை வெட்டிக் கூம்பின் விளிம்பைச் செய்தார்கள். அதற்கான வடிவத்தை வரைந்து கொடுத்தவர் அவருடைய மனைவி ரோஸ்மேரி.

யோசனையைப் பெரிய கம்பெனிகளிடம் கொண்டுபோனார். யாரும் வாங்கவில்லை. அவர் வகுப்பில் ஹென்றி கிளாஸ் என்று ஓர் இளைஞர் இருந்தார். எம்.ஐ.டி.யில் சேர்ந்து படிப்பை முடிக்காதவர், மாசசூசெட்ஸின் கேம்பிரிட்ஜில் ஒரு மாடியில் ஸ்பீக்கர் பெட்டி செய்துகொண்டிருந்தவர். இருவரும் சேர்ந்து 1954இல் அங்கே ‘அக்கூஸ்டிக் ரிசர்ச்’ நிறுவனத்தைத் தொடங்கினார்கள். முதல் ஸ்பீக்கரின் பெயர் ஏ.ஆர்.-1. இரண்டடிக்குக் கொஞ்சம் அதிகமான நீளம், புத்தக அலமாரியில் படுக்க வைக்கலாம். அதிலிருந்து வந்த பேஸ் தன்னைவிடப் பல மடங்கு பெரிய பெட்டிகளை வெட்கப்பட வைத்தது. சில வருடங்களில் நூறு டாலருக்குள் ஏ.ஆர்.-2 வந்தது. 1960களின் நடுவில் அமெரிக்காவில் விற்ற வீட்டு ஸ்பீக்கர்களில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு இவர்களுடையது.

நியூயார்க்கின் கிராண்ட் சென்ட்ரல் ரயில் நிலையத்தில் ஓர் இசை அறை வைத்திருந்தார்கள். ரயிலுக்குக் காத்திருப்பவர் யார் வேண்டுமானாலும் உள்ளே போய் உட்கார்ந்து கேட்கலாம். அங்கே விற்பனை கிடையாது. இன்னொரு வேலையும் செய்தார்கள். மேடையில் ‘ஃபைன் ஆர்ட்ஸ் குவார்டெட்’ நால்வரும் வாசித்துக்கொண்டிருப்பார்கள், நடுவில் வில்லை நரம்பில் படாமல் அசைக்க ஆரம்பிப்பார்கள். அந்த இடங்களில் ஒலிப்பது ஸ்பீக்கர். எங்கே மாறியது என்று சொல்ல முடியாமல் அவையில் பலர் திணறினார்கள்.

இதைப் படித்தபோது எனக்குச் சந்தோஷமும் சந்தேகமும் சேர்ந்தே வந்தன. சும்மா கிடைத்திருக்காதே, எதையாவது கொடுத்திருப்பார்களே? கொடுத்தார்கள். மூடிய சின்னப் பெட்டி மின்சாரத்தை அதிகம் தின்னும், அதே சத்தத்துக்கு முன்பைவிடச் சக்தியுள்ள ஆம்ப்ளிஃபயர் வேண்டும். இந்தக் கணக்கைச் சுருக்கமாகச் சொன்னவர் ஆன்டன் ஹாஃப்மன். பியானோ மேதை ஜோசப் ஹாஃப்மனின் மகன், இயற்பியல் படித்தவர். கிளாஸ் 1957இல் வில்ச்சரைப் பிரிந்து மால்கம் லோவுடனும் இவருடனும் சேர்ந்து கே.எல்.எச். என்ற நிறுவனத்தைத் தொடங்கினார், அந்த எச். இவர்தான். ‘ஹாஃப்மனின் இரும்பு விதி’ என்று இன்றும் சொல்கிறார்கள். சின்னப் பெட்டி, ஆழமான பேஸ், குறைந்த மின்சாரத்தில் நிறையச் சத்தம் ஆகிய மூன்றில் இரண்டைத்தான் எடுத்துக்கொள்ளலாம். மூன்றும் வேண்டும் என்று அடம்பிடிப்பவனிடம்தான் கடைக்காரர் இரண்டே கால் லட்சம் வாங்குகிறார்.

எதை விட்டுக்கொடுப்பது என்று தெளிவாக முடிவெடுத்துச் செய்த பொருள்கள்தான் இந்த வரலாற்றில் எனக்குப் பிடித்தவை. 1970களில் பி.பி.சி. பொறியாளர்களுக்கு ஒரு பிரச்சினை. வெளியூர் ஒலிபரப்புக்கு வேனில் போகிறார்கள். வேனுக்குள் பெரிய ஸ்பீக்கர் வைக்க இடமில்லை, ஆனால் அறிவிப்பாளரின் குரல் சரியாகப் போகிறதா என்று காதால் கேட்டுத் தீர்மானிக்க வேண்டும். அதற்காக ஒரு அடி உயரத்தில் எல்.எஸ்.3/5ஏ என்ற குட்டி ஸ்பீக்கரை வடிவமைத்தார்கள். ஆழமான பேஸ் வராது, ஊரைக் கூட்டும் சத்தமும் வராது. மனிதக் குரல் மட்டும் மனிதக் குரலாகவே வரும். பல கம்பெனிகள் உரிமம் வாங்கி அதைச் செய்தன, வீடுகளுக்கும் வந்தது.

அதே பத்தாண்டில் இன்னொரு பக்கம் வாட் பந்தயம் உச்சத்தில் இருந்தது. விளம்பரத்தில் வாய்க்கு வந்த எண்ணைப் போடுகிறார்கள் என்பதால் அமெரிக்காவின் ஃபெடரல் டிரேட் கமிஷன் 1974இல் தலையிட்டு, ஆம்ப்ளிஃபயரின் வாட்டை இப்படித்தான் அளந்து சொல்ல வேண்டும் என்று விதி போட்டது. பந்தயம் அதோடு நிற்கவில்லை, எண்கள் மட்டும் உண்மையாயின. 1978இல் பயோனியர் நிறுவனத்தின் ஒரு ரிசீவர் ஒரு பக்கத்துக்கு 270 வாட் தந்தது. அதே 1978இல் வந்ததுதான் என்.ஏ.டி. 3020. நார்வேக்காரர் எரிக் எட்வர்ட்சன் வடிவமைத்த, பார்க்க ஒன்றுமில்லாத, விலை குறைந்த ஆம்ப்ளிஃபயர். பெட்டியில் போட்டிருந்தது வெறும் 20 வாட். ஆனால் கஷ்டமான ஸ்பீக்கரை மாட்டினாலும் மூச்சு வாங்காது. கையில் காசில்லாத ஒரு தலைமுறையே அதில்தான் இசை கேட்டது.

270 எங்கே, 20 எங்கே? இந்த இடத்தில் பேனாவை எடுத்து என் வீட்டுக் கணக்கைப் போட்டுப் பார்த்தேன்.

நம் காதுக்குச் சத்தம் இரண்டு மடங்காகத் தெரிய வேண்டுமானால் மின்சாரம் ஏறக்குறைய பத்து மடங்காக வேண்டும். 20 வாட்டை 40 ஆக்கினால் கூடுவது 3 டெசிபல், அது இருக்கிறது என்று தெரியும், அவ்வளவுதான். சாதாரண ஸ்பீக்கர் ஒரு வாட்டில் ஒரு மீட்டர் தூரத்தில் 86 டெசிபல் அளவுக்குச் சத்தம் தரும். அது எதிரே உட்கார்ந்து பேசுபவரின் குரலைவிட நிறையவே சத்தம். என் சோபா ஸ்பீக்கரிலிருந்து எட்டடி. ஆக, சாயங்காலங்களில் நான் கேட்டது பெரும்பாலும் ஒரு வாட்டுக்குள்தான். மற்ற வாட்டுகளுக்கு நான் கட்டியது தவணை மட்டும்.

அடுத்தது அறை. ஒலி வினாடிக்குச் சுமார் 343 மீட்டர் போகும். பன்னிரண்டடி இடைவெளியில் இருக்கும் இரண்டு சுவர்களுக்கு நடுவே 47 ஹெர்ட்ஸ் பக்கத்தில் ஒரு பேஸ் சுரம் மாட்டிக்கொண்டு மோதித் திரும்பும், பத்தடிச் சுவர்களுக்கு நடுவே 56 பக்கத்தில் இன்னொன்று. என் பெரிய ஸ்பீக்கர்கள் பெருமையாகக் கொடுத்ததே அந்தப் பகுதியைத்தான். இடமில்லாமல் அவற்றை மூலையில் ஒட்டி வைத்திருந்தேன், மூலை பேஸை இன்னும் ஊதிவிடும். அந்த ‘டும்’ ஓய்வதற்குள் அடுத்த ‘டும்’. அதற்கடியில் பாடுபவரின் வார்த்தை கிடந்து நசுங்கியது. செல்போனில் பேஸே கிடையாது, அதனால் வார்த்தையை நசுக்கவும் ஆளில்லை. காதுக்கும் பக்கத்தில் இருந்தது. அப்பா சொன்னதை இயற்பியல் அப்படியே ஒப்புக்கொண்டது.

விற்றுவிட்டேன். ஒன்றரை லட்சம் கிடைத்தது. ரிச்சி தெருவில் அலைந்து, பழையதாக ஒரு ஜோடி புக்ஷெல்ஃப் ஸ்பீக்கரும் உள்ளங்கையில் அடங்கும் ஆம்ப்ளிஃபயரும் வாங்கினேன். மொத்தம் பதினெட்டாயிரம். சுவரிலிருந்து இரண்டடி முன்னால், உட்கார்ந்தால் காது உயரத்துக்கு வருகிற மாதிரி ஸ்டூலில் வைத்தேன். முதல் ஒரு வாரம் ஏதோ குறைந்த மாதிரிதான் இருந்தது, பொய் சொல்லக்கூடாது. மிருதங்கத்தின் தொப்பி கொஞ்சம் இளைத்திருந்தது. இரண்டாம் வாரம் ஒரு கச்சேரியை உட்கார்ந்த இடத்தில் முழுசாகக் கேட்டுவிட்டேன், எழுந்தபோதுதான் அது எனக்கே தெரிந்தது. பெரிய வீடும் பொறுமையும் இருப்பவருக்குப் பெரிய ஸ்பீக்கர் தருகிற சுகம் நிஜம், மலிவானதெல்லாம் நல்லது என்று நான் சொல்லவரவில்லை. என் பத்துக்குப் பன்னிரண்டுக்கு இது போதும். அந்த பி.பி.சி. வேன் ஸ்பீக்கரே இன்று சேகரிப்பவர்கள் கைக்குப் போய் விலை எகிறிக் கிடக்கிறது. எளிமையையும் ஒரு மோகமாக்கிவிட நமக்குத் தெரியும்.

கதை இங்கே முடிந்திருந்தால் நான் ஜெயித்த கதையாக இருந்திருக்கும். அடுத்த முறை அப்பா வந்தபோது புது செட்டில் அதே பாட்டைப் போட்டேன்.

“இப்ப பரவால்லப்பா. பாதி வார்த்தை கேக்குது.”

பாதி. சாப்பிடும்போது மனைவி “தட்டு வேணுமா மாமா” என்று கேட்டதற்கு “யாருக்குக் கட்டு?” என்றார். சிரித்துக்கொண்டே கவனித்தேன். தட்டு, கட்டு, பட்டு எல்லாம் அவருக்கு ஒன்றாகியிருந்தன. நான் அறையையும் பெட்டியையும் அளந்தேன், எதிரே உட்கார்ந்திருந்தவரின் காதை மறந்துவிட்டேன்.

வில்ச்சரின் மீதிக் கதையை அப்போதுதான் படித்தேன். காற்று ஸ்பிரிங்குக்கு அவர் 1956இல் காப்புரிமை வாங்கியிருந்தார். பின்னால் ஒரு வழக்கில் அது செல்லாது என்று ஆனபோது மேல்முறையீடு செய்யவில்லை. ஸ்பீக்கர் செய்யும் எல்லோரும் அந்த முறையை எடுத்துக்கொண்டார்கள். 1967இல் நிறுவனத்தை விற்றுவிட்டு, வுட்ஸ்டாக்கில் இருந்த தன் வீட்டு ஆய்வுக்கூடத்தில் உட்கார்ந்து அவர் ஆராய்ந்தது காது கேளாமையை.

வயதாகும்போது முதலில் போவது உயர்ந்த அதிர்வெண்கள். உயிரெழுத்துகளின் ஓசை கீழே, பலமாக இருக்கும். த், ச், க் மாதிரி மெய்யெழுத்துகளைப் பிரித்துக் காட்டும் மெல்லிய ஓசை மேலே இருக்கும். அதனால் சத்தம் கேட்கும், வார்த்தை கேட்காது. எல்லாவற்றையும் ஒரேயடியாகக் கூட்டினால் என்ன ஆகும்? மெல்லிய ஓசைதான் அவர்களுக்குக் கேட்காது, பலமான ஓசை நமக்குக் கேட்கிற அளவுக்கே கேட்கும். ஆகவே வார்த்தை தெளிவதற்கு முன்னால் காது வலித்துவிடும். பழைய காது மெஷின்களை மாட்டிய தாத்தாக்கள் அதைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டதற்கு இது ஒரு காரணம். வில்ச்சர் ஒலியை அதிர்வெண் வாரியாகப் பிரித்து, ஒவ்வொரு பகுதியிலும் மெல்லியதை நிறையவும் பலமானதைக் குறைவாகவும் கூட்டும் முறையை உருவாக்கினார். 1970களில் அதை ஆய்வுக்கட்டுரையாக வெளியிட்டார். இந்த முறை காப்புரிமை எடுக்கவே இல்லை. இன்றைய செவித்துணைக் கருவிகளில் பெரும்பாலானவை நிற்பது அந்த அடிப்படையில்தான். 2011இல், 94 வயதில் இறந்தார்.

அன்று ஷோகேஸ் அதிர நான் வால்யூமைக் கூட்டியதை நினைத்துப் பார்த்தேன். ஐம்பது வருடத்துக்கு முன்பே ஒருவர் அதற்குப் பதில் எழுதி எல்லோருக்கும் பொதுவில் வைத்துவிட்டார்.

அப்பாவைப் பரிசோதனைக்குக் கூட்டிப்போனேன். “எனக்கு நல்லாத்தான் கேக்குது, உங்க யாருக்கும் தெளிவா பேசத் தெரியல” என்று ஆட்டோவில் வருகிற வழியெல்லாம் சொல்லிக்கொண்டு வந்தார். ஆடியோகிராமில் கோடு இடது பக்கம் நேராகப் போய், வலது பக்கம் மலைச்சரிவு மாதிரி இறங்கியது. இரண்டு காதுக்கும் சேர்த்து எண்பத்தைந்தாயிரம். பழைய செட்டை விற்ற காசு அப்படியே இருந்தது. எவ்வளவு என்று கேட்டார். பாதியாகக் குறைத்துச் சொன்னேன், அதற்கே ஒரு நாள் பேசவில்லை.

முதல் நாள் அவருக்கு எல்லாமே தொந்தரவு. ஃபேன் சத்தம், தட்டில் கரண்டி படும் சத்தம், தன் செருப்புச் சத்தம். நாலைந்து நாளில் பழகிவிட்டது. ஒரு சாயங்காலம் நானாகக் கேட்காமல் அவரே, “அந்தப் பாட்டப் போடேன் தம்பி” என்றார்.

போட்டேன். அவருக்காக வழக்கமாக வைக்கிற அளவில் வைத்தேன். இரண்டு வரி போனது. என்னைத் திரும்பிப் பார்த்தார்.

“கொஞ்சம் கொறச்சு வையேன்ப்பா.”